இரவுக்கு ‘எ’, மாலைக்கு ‘எஸ்’, பகலுக்கு ஒன்றுமில்லை

கேள்வி: ஐயா, நான் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். பேசுவதில் பெரிய கஷ்டம் இல்லை. வேலை முடிந்து போகும்போது அடுத்து வருபவருக்கு எழுதிவைக்கும் குறிப்பில்தான் தடுக்கி விழுகிறேன். பகல் வேலை முறையை ‘டாக்வக்ட்’ என்கிறார்கள். மாலை முறை ‘க்வெல்ஸ்வக்ட்’, நடுவில் ஒரு ‘எஸ்’. இரவு முறை ‘நட்டெவக்ட்’, நடுவில் ஒரு ‘எ’. மூன்றிலும் அதே ‘வக்ட்’தானே, ஏன் மூன்று விதம்? கேட்டால் ‘அப்படித்தான்’ என்கிறார்கள். அதோடு, சேர்த்து எழுதவேண்டியவற்றைப் பிரித்து எழுதிவிடுகிறேன். ‘சீக்கெயெம்’ என்பதை இரண்டாக எழுதியதற்குப் பொறுப்பாளர் ஒருநாள் எல்லோர் முன்னிலும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார். பள்ளியில் படிக்கும் என் மகள், “அம்மா, வீடுகளுக்கு வருத்தம் என்று எழுதியிருக்கிறீங்கள்” என்று சிரிக்கிறாள். எங்கே சேர்ப்பது, எங்கே எஸ் போடுவது, எங்கே எ போடுவது, இதற்கெல்லாம் விதி இருக்கிறதா? இன்னுமொன்று. எங்களோடு இருக்கும் என் அம்மாவை மகள் தன் தோழிகளிடம் ‘மூர்மூர்’ என்று சொல்கிறாள். நான் படித்த புத்தகத்தில் பாட்டிக்கு ‘பெஸ்டெமூர்’ என்றிருந்தது. எது சரி?
— ஒரு வாசகி, நோர்வே

பதில்: சகோதரி, ‘அப்படித்தான்’ என்று சொன்னவர்கள் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை. தாய்மொழிக்காரருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பனை என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தோடு சேர்ந்தால் பனைமரம். ஓலையோடு சேர்ந்தால் பனையோலை. காயோடு பனங்காய், கிழங்கோடு பனங்கிழங்கு. பழத்தைப் பிசைந்து களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்தால் பனாட்டு. ஏன் பனைக்காய் என்று சொல்வதில்லை என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அவரும் “அது அப்படித்தான் பிள்ளை” என்பார். தொல்காப்பியரும் நன்னூலாரும் பனையைப் பெயர் சொல்லியே விதி வகுக்க வேண்டியிருந்தது. அதிலும் நன்னூல், பின்னால் வருவது கொடியா, வல்லின எழுத்தில் தொடங்கும் வேறு சொல்லா, அட்டா என்று பிரித்துப் பிரித்துச் சொல்கிறது. உங்கள் ‘நட்’, அதாவது இரவு, நோர்வேக்காரரின் பனை.

இரண்டு சொல் கூடும் இடத்தில், தனக்கென்று பொருள் இல்லாமல் வந்து நிற்கும் சிறு ஒலிக்கு நம் இலக்கணம் வைத்த பெயர் சாரியை. புளியங்காயில் ‘அம்’, மரத்தடியில் ‘அத்து’. க்வெல்ஸ்வக்ட்டில் வரும் எஸ்ஸும் நட்டெவக்ட்டில் வரும் எகரமும் இதே வேலையைத்தான் செய்கின்றன. நோர்வேயில் இதை ‘ஃபூகெ’ என்பார்கள். சுவர் கட்டும்போது செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் விழும் பொருத்துக்கும் அதே சொல்தான். சாந்து பூசிய பொருத்தும் உண்டு, பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கியதும் உண்டு. டாக்வக்ட் பூசாமல் அடுக்கியது.

இந்த எஸ்ஸும் எகரமும் தொடக்கத்தில் பொருளற்றவையாக இருக்கவில்லை. பழைய நோர்ஸ் மொழியில் பெயர்ச்சொற்கள் வேற்றுமை உருபு ஏற்றன. ‘உடைய’ என்ற பொருளுக்குப் பல சொற்களில் ஒருமைக்கு எஸ் வந்தது, பன்மைக்கு ‘அ’ வந்தது. குழந்தை என்பதற்குரிய ‘பார்ன்’, ‘குழந்தைகளுடைய’ என்று வரும்போது ‘பர்ன’ ஆனது. பிற்காலத்தில் அந்தக் கடைசி அகரம் தேய்ந்து எகரமாயிற்று. உங்கள் பிள்ளைகள் போய்வந்த பாலர் பள்ளிக்கு ‘பார்னெஹாகெ’ என்று பெயர். குழந்தைகளின் தோட்டம் என்று பொருள், ஜெர்மன் சொல்லைப் பார்த்துச் செய்த சொல். அதன் நடுவில் நிற்கும் எகரம் அந்தப் பழைய பன்மை உருபின் எச்சம். இன்று யாரும் அதைப் பன்மையாகக் கேட்பதில்லை. ‘பார்னெவொங்ன்’ என்ற தள்ளுவண்டியில் ஒரு குழந்தைதான் படுத்திருக்கும்.

ஊர்ப்பெயர்களில் இந்தப் பழைய உருபுகள் அப்படியே உறைந்து கிடக்கின்றன. வெள்ளி கிடைத்ததற்காக 1624-இல் நான்காம் கிறிஸ்தியான் மன்னர் நிறுவிய நகரம் கொங்ஸ்பெர்க். மன்னனின் மலை. மன்னனின் குடும்பத்தைப் பற்றி இன்றைய செய்தித்தாள் எழுதும்போது எஸ் கிடையாது, ‘கொங்கெஃபமீலியெ’ என்றுதான் வரும். முன்னால் நிற்பது மன்னன் என்ற ஒரே சொல்தான். ஆனால் ஊரின் பெயர் ஒரு காலத்தில் இறுகியது, குடும்பத்தின் பெயர் வேறொரு காலத்தில் சேர்ந்தது. அந்தக் காலத்தின் முறையைத்தான் ஒவ்வொரு சொல்லும் சுமந்துகொண்டு நடக்கிறது.

சில இடங்களில் எஸ் இருப்பதும் இல்லாததும் பொருளையே மாற்றும். ‘லன்’ என்றால் நிலம், நாடு. ‘லன்மன்’ என்றால் நிலத்தில் பாடுபடும் விவசாயி. நடுவில் எஸ் வைத்து ‘லன்ஸ்மன்’ என்றால் ஒரே நாட்டுக்காரர், நம் ஊர்க்காரர். பேருந்தில் தமிழ்க்குரல் கேட்டுத் திரும்பிப் பார்க்கிறீர்களே, அவர் உங்கள் லன்ஸ்மன்.

சரி, விதி கேட்டீர்கள். கொஞ்சம் இருக்கிறது, அந்தக் கொஞ்சமும் உங்களுக்கு நன்றாகவே உதவும்.

முதலாவது, முன்சொல் எதில் முடிகிறது என்று பாருங்கள். ‘ஹேட்’, ‘ஷூன்’, ‘ஸ்காப்’, ‘டொம்’, ‘இங்’ போன்ற விகுதிகளில் முடியும் பெயர்ச்சொல் முன்னால் நின்றால் கண்ணை மூடிக்கொண்டு எஸ் போடலாம். ‘ஃப்ரீஹேட்’ என்றால் சுதந்திரம். சுதந்திரப் போராட்டம் ‘ஃப்ரீஹேட்ஸ்கம்ப்’. ‘உங்டொம்’ என்றால் இளம்பருவம். உங்கள் மகள் எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை படிக்கும் பள்ளி ‘உங்டொம்ஸ்கூலெ’. இதை எழுதும்போது இரண்டு எஸ் வரும். ஒன்று சாரியை, மற்றது பள்ளியினுடையது. முன்சொல்லே எஸ்ஸில் முடிந்தால் இன்னொரு எஸ் சேர்க்கவேண்டாம். பெயர்ச்சொல் எகரத்தில் முடிந்தால் பெரும்பாலும் எதுவும் வேண்டாம்.

இரண்டாவது, முன்னால் நிற்பது வினைச்சொல்லா என்று பாருங்கள். வினை என்றால் பெரும்பாலும் எகரம் நிற்கும். எழுதும் மேசை ‘ஸ்க்ரீவெபூர்’, துணி துவைக்கும் இயந்திரம் ‘வஸ்கெமஷீன்’, உறங்கும் பை ‘ஸோவெபூஸெ’. நம் ஊறுகாய், சுடுசோறு மாதிரி இவை வினைத்தொகைகள். காலம் காட்டாமல் வினை முன்னால் நிற்கிறது.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது, உங்கள் வேலையிடத்திலேயே தினமும் கேட்பது. ‘யெம்’ என்றால் வீடு. அது தனியாக முன்னால் நிற்கும்போது எஸ் கேட்பதில்லை, சொந்த ஊருக்கு ‘யெம்ஸ்டேட்’ என்பதில் வரும் எஸ் இடம் என்ற பின்சொல்லினுடையது. ஆனால் ‘சீக்கெயெம்’ என்று ஏற்கெனவே கூடிய சொல் இன்னொரு சொல்லோடு கூடப் போனால் எஸ் முளைக்கும். முதியோர் இல்லத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் இடம் ‘சீக்கெயெம்ஸ்ப்லஸ்’. வைன் கோப்பை ‘வீன்க்லஸ்’, சிவப்பு வைன் கோப்பை ‘ரோவீன்ஸ்க்லஸ்’. அந்த எஸ் ஒரு வேலை செய்கிறது. சிவப்பும் வைனும் ஒரு பக்கம், கோப்பை மறுபக்கம் என்று வேலி போட்டுக் காட்டுகிறது. எஸ் இல்லாமல் இருந்தால் சிவப்பு நிற வைன்கோப்பை என்று தடுமாற இடமுண்டு. விதிவிலக்கும் உண்டு. ‘ஃபூட்பல்’ என்பது காலும் பந்தும் சேர்ந்த சொல்தான், ஆனாலும் கால்பந்து மைதானத்துக்கு ‘ஃபூட்பல்பானெ’ என்று எஸ் இல்லாமலே சொல்கிறார்கள். அது கூட்டுச்சொல் என்பதையே காது மறந்துவிட்டது.

இவற்றுக்கு வெளியே நிற்பவைதான் டாக், க்வெல், நட் போன்ற பழைய ஓரசைச் சொற்கள். இவற்றைச் சொல்லாக மட்டும் படித்தால் மனதில் நிற்காது, குடும்பமாகப் படியுங்கள். மாலைக்குரிய ‘க்வெல்’ எஸ்ஸை விடாது. இரவுச் சாப்பாடு ‘க்வெல்ஸ்மாட்’, மாலை முறை ‘க்வெல்ஸ்வக்ட்’. பகலுக்குரிய ‘டாக்’ இரண்டுபட்டது. நாட்குறிப்பு ‘டாக்பூக்’, பகல் முறை ‘டாக்வக்ட்’, ஆனால் பகல் வெளிச்சம் ‘டாக்ஸ்லீஸ்’. இரவும் அப்படியே. கட்டில் பக்கத்து மேசை ‘நட்பூர்’, இரவுப் பேருந்து ‘நட்புஸ்’, இரவு ரயில் ‘நட்டோக்’. ஆனால் இரவு வாழ்க்கை ‘நட்டெலீவ்’, இரவுத் தூக்கம் ‘நட்டெஸோவ்ன்’, உங்கள் இரவு முறை ‘நட்டெவக்ட்’. ஒரு தாளில் மூன்று நிரல் போட்டு, வேலையில் காதில் விழும் சொல்லை அந்தந்த நிரலில் எழுதிக்கொண்டு வாருங்கள். நான் கற்பித்தவர்களில் இதைச் செய்தவர்கள் சில மாதங்களில் விதி கேட்பதை நிறுத்திவிட்டார்கள், காது சொல்லிவிடுகிறது.

இனி ஓசைக்கு வருகிறேன். எஸ், எகரம் ஆகியவற்றில் நம்மவர் தடுமாறுவதற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது. யாரும் இதைச் சொல்லித்தருவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

தமிழில் படு, பாடு, பட்டு என்று மூன்றும் சொல்லலாம். முதலாவதில் குறிலும் ஒற்றை மெய்யும். இரண்டாவதில் நெடிலும் ஒற்றை மெய்யும். மூன்றாவதில் குறிலும் இரட்டை மெய்யும். ஒஸ்லோப் பேச்சில் அழுத்தம் விழும் அசையில் ‘படு’ போன்ற அமைப்புக்கு இடமே இல்லை. ஒன்று பாடு மாதிரி உயிர் நீளவேண்டும், அல்லது பட்டு மாதிரி மெய் நீளவேண்டும். ‘பேன்’ என்றால் அழகான. ‘பென்’ என்று குறுக்கி, கடைசி ‘ன்’னை நீட்டினால் பேனா. எழுத்திலும் இதனால்தான் குறிலுக்குப் பின் மெய்யை இரட்டிக்கிறார்கள். கூட்டுச்சொல்லில் இரண்டு பகுதிகளும் தத்தம் அளவை விடுவதில்லை. புத்தக அலமாரிக்கு ‘பூக்ஹில்லெ’. பூக் நெடிலோடு நிற்கிறது, ஹில்லெ இரட்டை மெய்யோடு நிற்கிறது. அழுத்தம் மட்டும் முதல் பகுதிக்குப் போய்விடும், இரண்டாவது கொஞ்சம் தணிந்து ஒலிக்கும்.

இங்கே நம் நாக்கு ஒரு வேலை செய்கிறது. வல்லின மெய்யில் சொல்லை முடிக்க நமக்குப் பழக்கமில்லை. நாடு, காற்று, எட்டு என்று ஒரு குற்றியலுகரத்தைத் தொட்டுத்தான் முடிப்போம். அதே பழக்கத்தில் ‘டாக்வக்ட்’ என்பது நம் வாயில் ‘டாக்குவக்ட்டு’ ஆகிறது. அந்த ‘கு’வின் உகரம் நமக்கு ஒன்றுமே இல்லாதது, அரை மாத்திரை. ஆனால் நோர்வேக்காரர் காதில் அங்கே ஓர் அசை கூடுதலாக விழுகிறது. அவர்கள் மொழியில் அந்த இடத்தில் அசை கூடினால் அது எகரச் சாரியை. ‘டாகெவக்ட்’ என்று ஏதோ இல்லாத சொல்லைச் சொன்னதாக அவர்களுக்குப் படும். பிறகு நாம் எழுதும்போதும், நம் வாயில் இருக்கும் உகரமா, உண்மையிலேயே இருக்கும் எகரமா என்று நமக்கே தெரியாமல் போகிறது. சாரியை தெரியவில்லை என்று நீங்கள் நினைத்த இடங்களில் சில இந்தக் குற்றியலுகரம் செய்த வேலையாக இருக்கும். ‘டாக்’ என்று நிறுத்தி, உதட்டைக் கடித்து ‘வ’வைத் தொடங்கிப் பழகுங்கள். ஒரு வாரம் போதும்.

மெய்கள் கூட்டமாக வந்து மோதும் இடமும் இந்தப் பொருத்துத்தான். தமிழில் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வராது. நோர்வேயில் மூன்று வரலாம். எட்வர்ட் மூங்க் 1893-இல் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தின் பெயர் ‘ஸ்க்ரீக்’, அலறல். அதன் தலையிலேயே மூன்று மெய். பீதிக்கு ‘அங்ஸ்ட்’, அதன் வாலில் மூன்று மெய். இரண்டும் சேர்ந்து பீதியில் எழும் அலறலுக்கு ‘அங்ஸ்ட்ஸ்க்ரீக்’ என்றால், நடுவில் ஆறு மெய் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், ஓர் உயிர்கூடத் துணைக்கு வராது. ஒரு தனிச்சொல்லுக்குள் இப்படி ஒரு குவியல் நோர்வேயிலும் கிடையாது. அதனால் இத்தகைய குவியலைக் கண்டால் நடுவில் எங்கோ பொருத்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வாசிக்கும்போது பின்சொல் எங்கே தொடங்கும் என்று பார்த்து அங்கே மனதில் ஒரு கோடு கிழியுங்கள்.

ஒரு விஷயத்தில் நம் நாக்குக்கு ஆதாயமும் உண்டு. கிழக்கு நோர்வேயிலும் வடக்கிலும் ரகரத்துக்குப் பின் ‘ட்’, ‘ன்’, ‘ல்’ வந்தால் இரண்டும் கலந்து நாவை மடித்துச் சொல்லும் ஒலியாகிவிடும். குழந்தையை எழுதுவது ‘பார்ன்’ என்றாலும் ஒஸ்லோவில் சொல்வது கிட்டத்தட்ட ‘பாண்’. கூட்டுச்சொல்லின் பொருத்திலும் இது நடக்கும். கோடைக்குரிய ‘ஸொம்மெர்’, நேரத்துக்குரிய ‘டீட்’ இரண்டும் கூடினால் நடுவிலிருந்த ரகரம் மறைந்து, ‘டீட்’டின் முதல் எழுத்து அசல் தமிழ் டகரமாக மடிந்துவிடும். நாளும் தோறும் கூடி நாடோறும் ஆனது போலத்தான். மற்ற நாட்டவர் மாதக்கணக்கில் திணறும் இந்த ஒலிகள் ணகர, டகர, ளகரத்தோடு பிறந்த நமக்கு இலவசம். பேர்கனில் இது செல்லாது. அங்கே ரகரம் தொண்டையில் உருள்வதால் ‘பார்ன்’ பார்ன் ஆகவே இருக்கும்.

சேர்த்து எழுதும் சங்கதிக்கு வருவோம். பிரித்து எழுதும் பிழைக்கு நோர்வேயில் ‘ஸேர்ஸ்க்ரீவிங்’ என்று பெயர். மனதைத் தளரவிடாதீர்கள், இது வந்தேறிய நம் பிழை மட்டுமல்ல. தாய்மொழிக்காரர்களின் கடைப் பலகைகளிலும் சாப்பாட்டுப் பட்டியல்களிலும் நிறையவே காணலாம். ஆட்டுக்குட்டித் தொடைக்கறிக்கு ‘லம்மெலோர்’. அதை இரண்டாகப் பிரித்து ‘லம்மெ லோர்’ என்று எழுதினால், முடங்கிப்போன தொடைகள். ஆட்டுக்குட்டிக்கும் முடங்கியதற்கும் ‘லம்’ என்ற ஒரே சொல்தான். புகைப்பிடித்தல் கூடாத இடத்துக்கு ‘ரொய்க்ஃப்ரிட்’ என்று பலகை வைப்பார்கள். பிரித்து எழுதினால் ‘தாராளமாகப் புகை’ என்று ஏவல் வந்துவிடும். உணவகங்களில் புகைப்பதை 2004 ஜூன் 1 முதல் தடைசெய்த நாட்டில் ஓர் இடைவெளி சட்டத்தையே தலைகீழாக்கும். நீங்கள் எழுதிய ‘சீக்கெ யெம்’ இதே வகை. சேர்த்தால் நோயுற்றோர் தங்கும் இல்லம், பிரித்தால் நோயுற்ற வீடுகள். மகள் சரியாகத்தான் சொன்னாள். பலகை, பல கை என்பதற்கு நம் இலக்கணம் பொதுமொழி என்று பெயர் வைத்திருப்பது உங்களுக்கு நினைவிருக்கும். எல்லோர் முன்னிலும் வட்டம் போட்டுக் காட்டியது சரியான வழியில்லை. தனியாக அழைத்து இந்தப் பொருள் வேறுபாட்டை இரண்டு நிமிடம் விளக்கியிருந்தால் நீங்கள் எனக்கு எழுதவேண்டி வந்திருக்காது.

எப்போது சேர்ப்பது என்பதற்குக் கண்ணை நம்பாதீர்கள், வாயை நம்புங்கள். சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். அழுத்தம் ஓரிடத்தில், முதல் பகுதியில் மட்டும் விழுந்தால் அது ஒரு சொல். சேர்த்து எழுதுங்கள். இரண்டு இடத்தில் விழுந்தால் இரண்டு சொல். ‘வீட்வீன்’ என்று ஒரே மூச்சில், முன்னால் மட்டும் அழுத்தி வந்தால் அது வெள்ளை வைன் என்ற பான வகை. ‘வீட் வீன்’ என்று இரண்டையும் அழுத்தினால் வெள்ளை நிறத்தில் ஒரு வைன். நோர்வேயின் மொழி மன்றமான ‘ஸ்ப்ரோக்ரோடெ’ தரும் அறிவுரையும் இதுதான். நாமோ தமிழ்த் தாளத்தில் எல்லா அசையையும் ஏறக்குறைய சமமாகச் சொல்லிப் பழகியவர்கள். அதனால் நம் காதுக்கு இந்த ஏற்ற இறக்கம் முதலில் பிடிபடாது. மகளைச் சொல்லச்சொல்லி, அழுத்தம் விழும்போது மேசையில் தட்டச் சொல்லுங்கள். தட்டு ஒன்றா இரண்டா என்று எண்ணினால் போதும்.

சேர்த்து எழுதும்போது ஒரே மெய் மூன்றாக வந்தால் ஒன்றைக் கழித்துவிடுவார்கள். இரவுக்கு இரண்டு டகரம், ரயிலுக்குரிய ‘டோக்’கில் ஒன்று, ஆக மூன்று. எழுதுவது இரண்டு மட்டும், நட்டோக். பேருந்து நிறுத்தம் ‘புஸ்டொப்’பிலும் மூன்று எஸ்ஸில் ஒன்று போய்விடும். வரி முடிவில் இடம் போதாமல் சொல்லை முறித்தால், கழித்த எழுத்து திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பொருள் கொள்வதில் உங்களுக்குக் கஷ்டம் இராது, காரணம் தமிழும் நோர்வேயும் ஒரே திசை. கடைசியில் நிற்பதே தலைச்சொல். மீன் எண்ணெய் என்றால் எண்ணெய்தான், எண்ணெய் மீன் என்றால் மீன்தான். பால் பகுப்பும் பன்மையும் கடைசிச் சொல்லுக்கே உரியவை. ‘யெம்’ அஃறிணைப் பெயரின் ‘எட்’ ஏற்கும் என்றால் ‘சீக்கெயெம்’மும் ‘எட்’ ஏற்கும், முன்னால் என்ன நின்றாலும் கவலையில்லை. நீண்ட சொல்லைக் கண்டு மலைக்கவேண்டாம், வலப்பக்கத்திலிருந்து அவிழ்த்தால் வந்துவிடும். ‘மென்னெஸ்கெரெட்டிஹேட்ஸொர்கனிஸஷூன்’ என்று செய்தியில் வந்தால், கடைசியில் அமைப்பு என்ற சொல் இருக்கிறது. அதற்கு முன் ஒரு எஸ், அது பெரிய பொருத்து. எஸ்ஸுக்கு முன் ‘ஹேட்’ விகுதியோடு உரிமை, அதற்கும் முன் மனிதர். மனித உரிமை அமைப்பு. உங்கள் தொழிற்பெயரையே பாருங்கள், ‘ஹெல்ஸெஃபாகர்பைடெர்’. கடைசியில் தொழிலாளர், நடுவில் துறை, முன்னால் நலம்.

இந்தத் திசை தெரிந்தபின் நோர்வேக்காரர்கள் புதுச்சொல் செய்வதைப் பார்ப்பது எனக்குத் தீராத சந்தோஷம். கணினியில் செருகும் நினைவுக்குச்சி ‘மின்னெபின்னெ’. மின்னெ நினைவு, பின்னெ குச்சி, எதுகையும் தானாக அமைந்துவிட்டது. கையில் வைத்துத் தடவும் பலகைக் கணினி ‘நெட்ப்ரெட்’, வலையும் தட்டும். தூசு உறிஞ்சி ‘ஸ்டோவ்ஸூகெர்’. வண்ணத்துப்பூச்சிக்கு ‘ஸொம்மெர்ஃபூல்’, கோடைப் பறவை. பறவையில்லை என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் கடைசிச் சொல் அதைப் பறவையினத்தில் சேர்த்துவிட்டது. சிவந்த தொண்டை என்று பொருள்படும் ‘ரோஸ்ட்ரூபெ’ ஒரு சிறு பறவையின் பெயர். அந்தத் தொண்டையை உடைய பறவை என்று நாமே நிரப்பிக்கொள்கிறோம், நம் அன்மொழித்தொகை இதுவேதான்.

தொனி பற்றி ஒரு வரி சொல்லாமல் விட்டால் நிறைவாகாது. ‘பொன்னெர்’ என்று ஒரு தொனியில் சொன்னால் விவசாயிகள், இன்னொரு தொனியில் சொன்னால் அவரையோ செபமோ. கிழக்கு நோர்வேப் பேச்சில் எகரச் சாரியை கொண்ட கூட்டுச்சொற்கள் இரண்டாம் தொனியில், மேலிருந்து இறங்கி மீண்டும் ஏறும் இராகத்தில் வரும். ‘நட்டெவக்ட்’டை உங்கள் சக ஊழியர் சொல்லும்போது அந்த இறக்கத்தைக் கவனியுங்கள். காதுக்கு அது பிடிபட்டால் நடுவில் எகரம் இருப்பதை எழுதும் முன்பே அறிவீர்கள்.

கடைசியாக உங்கள் அம்மா. பெஸ்டெமூர், மூர்மூர் இரண்டும் சரி. பெஸ்டெமூர் என்றால் பொதுவாகப் பாட்டி, எந்தப் பக்கத்துப் பாட்டி என்று சொல்லாது. மூர் என்றால் அம்மா, ஃபார் என்றால் அப்பா. மூர்மூர் என்றால் அம்மாவின் அம்மா. ஃபார்மூர் அப்பாவின் அம்மா, ஃபார்ஃபார் அப்பாவின் அப்பா, மூர்ஃபார் அம்மாவின் அப்பா. யாழ்ப்பாணத்தில் பிறந்த உங்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதே இல்லை. அம்மம்மா, அப்பம்மா, அப்பப்பா, அம்மப்பா என்று சொல்லி வளர்ந்தவர் நீங்கள். அதே இரண்டு சொல், அதே வரிசை. நம்மிடம் புணர்ச்சியில் ஓர் உயிர் கெடுகிறது, அவர்களிடம் எஸ்ஸும் இல்லை, எகரமும் இல்லை. உங்கள் மகள் தோழிகளிடம் ‘மூர்மூர்’ என்று சொன்னபோது, வீட்டில் அம்மம்மா என்று கூப்பிடுவதைத்தான் சொல்லுக்குச் சொல் சொல்லியிருக்கிறாள். அவளிடம் ‘அம்மம்மாவின் அம்மாவுக்கு என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘ஒல்டெமூர்’ என்பாள். அதற்கும் மேலே ‘டிப்பொல்டெமூர்’. ஒல்டெமூருக்குத் தமிழில் என்ன சொல்வது என்று அவள் திருப்பிக் கேட்டால், பூட்டி என்ற சொல்லை அம்மாவிடமே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.